சணப்புக்கு வந்தவை

செண்பகத்தோப்பு ரோடு,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
9 நவம்பர் 2025

மச்சானுக்கு,

சலாம். நலம் விசாரிப்பதெல்லாம் அடுத்த பக்கத்தில். முதலில் திட்டித் தீர்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் இந்தத் தோப்புக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. வீட்டுக்குக் கீழே ஓடும் உங்கள் பேண்டேஜ் தறிகளின் பஞ்சுத் தூசியும் பனியும் சேர்ந்தால் என் நெஞ்சு விசில் அடிக்கும் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், ஐந்து வருடமாக ஐப்பசியில் என்னை ராஜபாளையத்திலிருந்து கொண்டுவந்து என் அத்தா விட்டுப்போன மாந்தோப்பில் இறக்கிவிடுகிறீர்கள். தை முடிந்ததும் வந்து கூட்டிப்போகிறீர்கள். மூச்சு சீராகத்தான் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் பார்த்தால் குமட்டுகிறது.

குளிக்கப் போனால் தரை முழுக்க மரவட்டை. நேற்று என் பல் துலக்கும் பிரஷ்ஷின் மேல் ஓடில்லாத நத்தை ஒன்று ஏறிப் படுத்திருந்தது. பளபளவென்று கோடு வேறு இழுத்து வைத்திருந்தது. தலையணையில் பூஞ்சை. இதையாவது மழைக்காலம் என்று பொறுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை குளிக்க வருகிறார்களே ஜனங்கள், அவர்களை எப்படிப் பொறுப்பது? ஓடையில் பிரியாணிப் பொட்டலம், பாட்டில், பிள்ளைகளின் பீத்துணி. அந்த நாப்கின் ஒன்றை ஒரு குரங்கு எடுத்துப் பிரித்து முகர்ந்து பார்த்தது. பார்த்துவிட்டு அதற்கே பிடிக்காமல் தூக்கி எறிந்தது. குரங்குக்கு இருக்கிற அருவருப்பு கூட நமக்கு இல்லாமல் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரங்களுக்கு உரமாகட்டும் என்று ஆடியில் சணப்பு விதைக்கச் சொன்னேனே, அது காய்த்துக் காயத் தொடங்கிவிட்டது. மழை பிடித்ததும் மலையிலிருந்து பட்டாம்பூச்சிகள் இறங்கி வந்து அந்தக் காய்ந்த செடிகளைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. கருப்பு இறக்கையில் வெளிர்நீலக் கோடும் புள்ளியும் போட்டவை. எத்தனை என்று கேட்காதீர்கள், செடி தெரியவில்லை. அழகு என்று எழுதிவிடுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவை உட்காருகிற இடத்தைப் பார்த்தால் நீங்கள் கவிதை எழுத மாட்டீர்கள். தோப்புக் காவலுக்கு இருக்கும் வெள்ளத்தாயின் ஆட்டுப் புழுக்கை, செத்த தேரை, கொடியில் காயப்போட்ட என் வியர்வை நாறும் ரவிக்கை. அந்த ரவிக்கையின் அக்குளில் நாலைந்து உட்கார்ந்து சுருள் நாக்கை நீட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தன. சீ என்று விரட்டப் போனவள் செத்த நேரம் நின்று பார்த்தேன். உள்ளே அடுப்பில் பால் பொங்கி அடுப்பே அணைந்துபோயிருந்தது.

இங்கே போனில் டவர் எடுக்காது என்பதால் இதைப் பால்வண்டி ராக்கப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஃபாயிஸா

*

ராஜபாளையம்.
14 நவம்பர் 2025

அன்பு ஃபாயிஸா,

வ அலைக்கும் சலாம். உன் கடிதத்தைச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பிரிக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். நத்தையோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன், நாப்கினில் எழுந்துவிட்டேன்.

நல்ல செய்தி. நம் அல்ஃபியாவின் நிக்காஹ்வுக்குத் தேதி வைத்தாயிற்று. ஜனவரி பதினெட்டு, ஞாயிறு, காலை பதினொரு மணி, இங்கே நம் ஊர் மண்டபத்திலேயே. மாப்பிள்ளை அனஸின் குடும்பத்தார் தென்காசியிலிருந்து மூன்று பஸ்ஸில் வருவதாகச் சொல்கிறார்கள். பெரிய இடம். நாம் குறைவாகத் தெரிந்துவிடக் கூடாது என்று இப்போதே பந்திக் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

பட்டாம்பூச்சி விஷயத்தை அல்ஃபியாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அம்மாவுக்கு ரசிக்கத் தெரியுது அத்தா, ஒத்துக்கத்தான் தெரியல" என்று சிரித்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. நாற்பது தறியின் இரைச்சலில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதை வாசிக்கும்போது காதில் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. ஆட்டுப் புழுக்கையைக் குறைத்து அவற்றைப் பற்றி நிறைய எழுது. மருந்தை மறக்காதே.

உன்
ஹபீப் ரகுமான்

*

செண்பகத்தோப்பு ரோடு.
3 டிசம்பர் 2025

மச்சானுக்கு,

தேதி கேட்டுச் சந்தோஷம். அல்லாஹ் நல்லபடியாக நடத்திக்கொடுக்கட்டும். மாப்பிள்ளை வீட்டாரின் மூன்று பஸ்ஸை நினைத்து நீங்கள் பதறுவதுதான் பிடிக்கவில்லை. அவர்களும் சோறு தின்கிறவர்கள்தானே.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். இப்போது பனி நன்றாக விழுகிறது. காலையில் மலை இருக்கிற இடமே தெரிவதில்லை. பட்டாம்பூச்சிகள் ராத்தங்கலுக்கு மேற்கு ஓரத்துப் பழைய மரத்தைப் பிடித்திருக்கின்றன. தாழ்ந்த கிளைகளில் இறக்கையை மூடிக்கொண்டு ஒன்றையொன்று ஒட்டித் தொங்குகின்றன. தெரியாதவர்கள் பார்த்தால் கருகிப்போன இலை, மரத்துக்கு நோய் என்று மருந்தடிக்கச் சொல்வார்கள். ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அவற்றால் அசையவே முடியாது. குளிரில் உடம்பு விறைத்துவிடுகிறது. கிளையிலிருந்து இலை பறிக்கிற மாதிரி பறித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் செய்யாது. ஒன்றை அப்படி எடுத்துப் பார்த்தேன். ஆறு கால் என்றுதான் படித்திருக்கிறோம், இதற்கு நான்குதான் தெரிகிறது. முன்னங்கால் இரண்டையும் நெஞ்சோடு மடக்கி ஒளித்து வைத்திருக்கிறது. காலின் நுனியில் முள் மாதிரி கொக்கி. என் முந்தானையில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்க எனக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும்.

எட்டு மணிக்கு வெயில் கிளையைத் தொட்டதும் முதலில் ஒன்று நடுங்கும். காய்ச்சல்காரர் நடுங்குவது போல, அசிங்கமாக. பிறகு பக்கத்தில் இருப்பது. பிறகு கிளையே நடுங்கும். அப்புறம் இறக்கை விரியும், அந்த நீலம் தெரியும். நான் தினமும் பாய் போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். காலைச் சாப்பாடு பத்து மணிக்குப் போய்விட்டது. வெள்ளத்தாய், "ஏம்மா, ஒடம்புக்கு முடியலையா, மரத்தையே பாத்துட்டு இருக்கீக" என்று கேட்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. அல்ஃபியாவின் கல்யாண முக்காட்டுக்குக் கடையில் வேலைப்பாடு செய்யக் கொடுக்க வேண்டாம். நானே தைக்கிறேன். அந்த இறக்கையின் கோடுகளைப் பார்த்துப் பார்த்து ஓரத்துக்கு வரைந்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த பிறகு ஊசி எடுத்தது சட்டைப் பொத்தானுக்கு மட்டும்தான். இப்போது விரல் தானாக ஓடுகிறது. வெளிர்நீல நூல்கண்டு ஆறு வேண்டும், அனுப்புங்கள்.

ஃபாயிஸா

*

ராஜபாளையம்.
12 டிசம்பர் 2025

அன்பு ஃபாயிஸா,

நூல்கண்டு இதோடு இருக்கிறது. நிறம் சரியில்லை என்றால் கடைக்காரரைத் திட்டு, என்னைத் திட்டாதே.

மண்டப அலங்காரத்துக்கு மதுரை ஆள் ஒருவர் வந்திருந்தார். இப்போதெல்லாம் நிக்காஹ் முடிந்த நிமிடத்தில் மேலேயிருந்து உயிருள்ள பட்டாம்பூச்சிகளைப் பறக்கவிடுகிறார்களாம். பெட்டியில் அடைத்து எங்கிருந்தோ வரவழைப்பார்களாம். வீடியோ காட்டினார். அல்ஃபியா வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டில் சொன்னதும் அவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் அந்த ஆளுக்கு நம் தேதிக்குப் பெட்டி கிடைக்காதாம். அப்போது நான் வாய்விட்டுவிட்டேன், "எங்க தோப்பிலயே அம்புட்டு இருக்கே" என்று. எல்லாரும் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள்.

நம் தோப்பில் வளர்ந்தவை நம் மகள் மேல் பறந்தால் உனக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன். நீ அவற்றை எவ்வளவு நேசிக்கிறாய் என்று உன் கடிதத்திலேயே தெரிகிறது. ஒரு சொல் எழுது.

ஹபீப்

*

செண்பகத்தோப்பு ரோடு.
15 டிசம்பர் 2025

மச்சானுக்கு,

ஒரு சொல் கேட்டீர்கள். கூடாது.

மேலும் சில சொற்கள் இலவசமாகத் தருகிறேன். அந்த வீடியோக்காரரை நினைத்தால் எனக்கு உமட்டுகிறது. உயிரைப் பெட்டியில் வைத்துத் தபாலில் அனுப்பி, பெண்ணின் தலையில் கொட்டிப் படம் பிடிக்க எவனுக்கு முதலில் தோன்றியதோ. பார்த்துக் கை தட்டுகிறவர்களை அதைவிட. மலையில் மழை தாங்காமல் இறங்கி வந்து, என் சணப்பைப் பிடித்துக்கொண்டு இந்தப் பனிக்காலத்தை ஓட்டிவிட்டுத் திரும்பப் போகிறவை அவை. நாம் வளர்த்தவை இல்லை. நமக்குச் சொந்தமும் இல்லை. அவற்றுக்கு நம் மகள் யாரென்றும் தெரியாது.

நேசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எங்கே அப்படி எழுதினேன்? பார்க்கிறேன் என்றுதான் எழுதினேன். தொடாமல் பார்க்க எனக்கே இவ்வளவு நாள் பிடித்தது. மரத்துக்குப் பக்கத்தில் யாராவது வந்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று அந்த மதுரைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

முக்காட்டில் பாதி ஓரம் முடிந்தது. நூலின் நிறம் சரியாக இருக்கிறது.

ஃபாயிஸா

*

ராஜபாளையம்.
8 ஜனவரி 2026

அன்பு ஃபாயிஸா,

பட்டாம்பூச்சிப் பேச்சை விட்டாயிற்று. அதைப் பற்றி நீ மனதை வருத்திக்கொள்ளாதே. வெள்ளைக் காகிதப் பூ போடுவார்கள், போதும்.

பதினான்காம் தேதி காலை கார் அனுப்புகிறேன். நீ வரும் நாலைந்து நாளும் தறியை நிறுத்தி, மாடி வரைக்கும் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிசிறு பஞ்சு இருக்காது. இன்ஹேலர் இரண்டாக எடுத்துக்கொண்டு வா. முக்காட்டைப் பார்க்க அல்ஃபியா துடித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் போனில் படம் எடுத்து உன்னை அனுப்பச் சொல்கிறாள், அங்கே டவர் இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

கல்யாணம் முடிந்ததும் தோப்புக்குத் திரும்ப அவசரப்பட வேண்டாம். பனி குறைந்துவிடும். இங்கேயே இருந்துவிடு. மகளும் போய்விட்டால் மாடியில் நான் மட்டும்தான்.

ஹபீப்

*

செண்பகத்தோப்பு ரோடு.
20 ஜனவரி 2026

ஹபீப் ரகுமான் அவர்களுக்கு,

மகள் கல்யாணத்தில் தாய் பந்தி முடியும் முன் கிளம்பிப் போனாள் என்று ஊர் பேசுவது இந்தத் தோப்பு வரைக்கும் வந்துவிட்டது. பேசட்டும். பட்டுச் சேலையோடு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தேன். வழி முழுக்க ஒரு கையை மூடியே வைத்திருந்தேன். இறங்கிய பிறகுதான் விரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்று இருந்தது. இறக்கையின் பொடி முழுக்க என் உள்ளங்கையில் அப்பியிருந்தது. நான்கு கால்களில் இரண்டுதான் இருந்தன.

உங்களுக்கு நினைவிருக்காது, நீங்கள் மேடையில் மாப்பிள்ளையின் மாமாவோடு கை குலுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் கீழே இருந்தேன். மேல்மாடியிலிருந்து பைகளை உதறினார்கள். நெய்ச்சோற்றுத் தட்டுகளில் விழுந்தன. தால்சாவில் விழுந்தன. குழந்தைகள் மிதித்தார்கள். ஒரு பெண், உங்கள் பெரிய இடத்துப் பெண், தன் ஜரிகையைத் தட்டிக்கொண்டே, "சீ, என்னதிது, பூச்சிய அள்ளிக் கொட்டுதாங்க" என்றாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த மண்டபத்தில் சரியாகப் பேசியவள் அவள் ஒருத்திதான். பிறகு சமையல்காரர்கள் விளக்குமாற்றோடு வந்து கூட்டினார்கள். எச்சில் இலையோடும் எலும்போடும் சேர்த்து நீலமாக ஒரு குவியல். அல்ஃபியாவின் முக்காட்டிலும் சில ஒட்டிக்கொண்டிருந்தன. எது நான் தைத்தது, எது செத்தது என்று தெரியாதபடி. அதைப் பார்த்ததும் எனக்கு வாந்தி வந்துவிட்டது. கை கழுவும் இடத்தில் எடுத்தேன். அங்கிருந்து அப்படியே வாசலுக்கு வந்துவிட்டேன்.

மேற்கு ஓரத்து மரத்தைப் போய்ப் பார்த்தேன். உயரக் கிளைகளில் கொஞ்சம் இருக்கின்றன, கை எட்டாததால். வெள்ளத்தாயைத் திட்டினேன். அவள் அழுதாள். "நீங்க சொல்லி வந்ததா அய்யாவே சொன்னாகல்லாம்மா. வெள்ளன வந்து நாலு பேருமா எலை பறிக்கிற மாதிரி பறிச்சுப் பறிச்சுப் பைக்குள்ள போட்டாக. நாங்கூட ரெண்டு கெளைய வளச்சுப் பிடிச்சேன்" என்றாள்.

இலை பறிக்கிற மாதிரி. அது என் வாக்கியம். குளிரில் அசையாது என்று எழுதியதும் நான். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எழுதியதும் நான். நான் பார்த்ததை உங்களுக்கு எழுதினேன். அதை நீங்கள் பிடிக்கிற வழியாகப் படித்திருக்கிறீர்கள்.

இனி எழுத எனக்கு எதுவும் இல்லை. தை முடிந்ததும் கார் அனுப்ப வேண்டாம்.

ஃபாயிஸா

*

ராஜபாளையம்.
23 ஜனவரி 2026

ஃபாயிஸா,

நீ திட்டியது போதாது, இன்னும் திட்டு. ஆனால் நடந்ததை ஒருமுறை நான் சொல்லக் கேள்.

காகிதப் பூ என்று எழுதியபோது உண்மையாகவே அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். பதினாறாம் தேதி மாப்பிள்ளையின் அத்தா போனில், "பட்டாம்பூச்சி உண்டுல்லா? நம்ம பக்கம் எல்லார்ட்டயும் சொல்லியாச்சு" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் கேட்டால் என்ன சொல்வாய் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. கல்யாணத்தன்று விடியலில் சுபுஹு தொழுததும் டிரைவர் சுந்தரபாண்டியனையும் தறியாட்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தோப்புக்கு வந்தேன். நீங்கள் எல்லாரும் மருதாணிக் கையோடு தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

அவற்றுக்குத் துன்பம் வரக் கூடாது என்று நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், மூச்சு முட்டும் என்று நம் பேண்டேஜ் துணியில் பை தைக்கச் சொன்னேன். ஆபரேஷனுக்குப் போகிற முதல் தரத் துணி. கஞ்சி போக மூன்று தண்ணீர் அலசி, நிழலில் காய வைத்தது. பச்சைப் புண்ணின் மேல் போட்டால் கூட உறுத்தாத துணி ஃபாயிஸா. முப்பது வருடமாக அதைத்தான் நெய்கிறேன். உலகத்தில் அதைவிட மெத்தென்ற ஒன்று எனக்குத் தெரியாது. காற்று தாராளமாகப் போகும். அதில் வைத்தால் தாய் மடியில் வைத்த மாதிரி என்று நினைத்தேன்.

கொக்கிக் கால் என்று நீ எழுதியிருந்தாய். படித்தேன். அந்தத் துணியின் இழைக் கண்ணில் அது மாட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குளிரில் அமைதியாக இருக்கும் என்பதால் காரில் ஏ.சி. போட்டேன். மண்டபத்திலும் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் அவற்றால் பறக்க முடியாது என்பதை அவை தரையில் கிடக்கும்போதுதான் புரிந்துகொண்டேன். நான் முட்டாள். கெட்டவன் இல்லை.

அல்ஃபியா தென்காசியில் அழுதுகொண்டிருக்கிறாள். அம்மா ஏன் போனார் என்று அங்கே எல்லாரும் கேட்கிறார்களாம். திரும்பி வந்துவிடு.

ஹபீப்

*

செண்பகத்தோப்பு ரோடு.
25 ஜனவரி 2026

ஹபீப் ரகுமான் அவர்களுக்கு,

முட்டாள் என்றால் மன்னித்துவிடலாம். முட்டாள்தானா என்று தெரிய வேண்டும்.

நேற்று சுந்தரபாண்டியன் இங்கே வந்தார். யாரும் அனுப்பவில்லை, மனது கேட்காமல் வந்ததாகச் சொன்னார். வாசலிலேயே நின்றுகொண்டு, "வன்னியம்பட்டி டீக்கடையில வண்டிய நிப்பாட்டுனோம்மா. அய்யா ஒரு பைய மட்டும் அவுத்து உள்ள பாத்தாக. அவிய மொகமே மாறிட்டு. பொறவு முடிச்சப் போட்டுட்டு, வண்டிய எடுலேன்னாக" என்றார்.

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பைக்குள் என்ன பார்த்தீர்கள்?

பதிலை எனக்கு மட்டும் சொன்னால் போதாது. அல்ஃபியாவிடமும் சொல்லுங்கள். என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு அவள் குடித்தனம் தொடங்கக் கூடாது.

ஃபாயிஸா

*

ராஜபாளையம்.
29 ஜனவரி 2026

ஃபாயிஸா,

மூன்று நாள் இந்தக் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன்.

பார்த்தேன். மேலே இருந்தவை துணியில் கால் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தன. இழுத்த இழுப்பில் கால் துணியிலேயே நின்றுவிட, உடம்பு தனியாகக் கீழே விழுந்தது. அடியில் இருந்தவை ஒன்றன் மேல் ஒன்று அமுங்கி இறக்கை நைந்துபோயிருந்தன. துணியின் உள்பக்கம் முழுக்க சின்னச் சின்னக் கால்கள், முடி ஒட்டியது போல. நம் துணி. 

அப்போதே எல்லாப் பையையும் அவிழ்த்து அந்த ரோட்டோரத்து வெயிலில் விட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். எனக்கு அது தெரிந்தது. தெரியாமல் இல்லை. மூன்று பஸ் வந்துகொண்டிருக்கிறது, மாப்பிள்ளையின் அத்தா எல்லாரிடமும் சொல்லிவிட்டார் என்பதும் தெரிந்தது. இரண்டையும் நினைத்தேன். முடிச்சைப் போட்டேன். ஆகவே நான் முட்டாள் இல்லை. போன கடிதத்தில் அப்படி எழுதியதும் பொய்.

அல்ஃபியாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே போனில் எதையோ தேடினாள். பிறகு, "வீடியோல அது எதுவும் தெரியலையே அத்தா. அழகா எடிட் பண்ணியிருக்காங்க" என்று போனை நீட்டினாள். நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்களாம். மேலேயிருந்து நீலமாக இறங்குகிறது, அவள் அண்ணாந்து சிரிக்கிறாள், அதோடு முடிந்துவிடுகிறது. ஃபாயிஸா, பெற்ற பிள்ளையைப் பார்த்து எனக்கு முதல்முறையாக ஒரு மாதிரி குமட்டியது. உடனே, அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் யார் என்று யோசித்தேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்த வீடியோவில் அம்மா குரல் கேட்கிறது, "மாஷா அல்லாஹ்" என்று சொல்கிறார், பிடிக்காதவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டாள். நான் நம்பவில்லை. அது சம்பந்தியம்மாவின் குரல், கூட்டத்தில் உனக்கு அப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வருவாயா, மாட்டாயா? எதுவானாலும் எழுது. தறி ஓடுகிறது. பை தைத்து மிஞ்சிய துணியை எரித்துவிட்டேன்.

ஹபீப்

*

செண்பகத்தோப்பு ரோடு.
1 பிப்ரவரி 2026

அல்ஃபியா அத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஓடைக்குப் போய் முகம் கழுவினேன். அந்தத் துணியில் ஒட்டியிருந்த கால்களை விட்டு என் புத்தி நகரவே மாட்டேன் என்கிறது. நேற்று சோற்றில் சீரகத்தைப் பார்த்து எழுந்துவிட்டேன். உங்களை இந்த முப்பது வருடத்தில் நான் திட்டியிருக்கிறேன், கோபப்பட்டிருக்கிறேன். அருவருத்தது இப்போதுதான். அதை மறைக்க மாட்டேன். மகளை நினைத்தாலும் அதேதான்.

காலையில் மரத்தடிக்குப் போனேன். உயரக் கிளையில் மிஞ்சியவை தொங்கின. வெயில் வந்தது, நடுங்கின, விரிந்தன, எழுந்தன. வழக்கம் போல அண்ணாந்து உட்கார்ந்திருந்தேன். வழக்கம் போல நெஞ்சு நிறைந்தது. அப்போதுதான் இந்தக் கடிதத்தை எழுதாமல் தப்ப முடியாது என்று தெரிந்தது.

அது சம்பந்தியம்மாவின் குரல் இல்லை. என் குரல்.

முதல் பையை உதறியபோது விளக்கு வெளிச்சத்தில் அந்த நீலம் சுழன்று சுழன்று இறங்கியது. நீங்கள் எனக்குச் சொல்லாமல் செய்துவிட்டீர்கள் என்பது அந்தக் கணமே புரிந்தது. புரிந்தும் என் வாயிலிருந்து வந்தது அந்தச் சொல்தான். சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் சம்பந்தியம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். மூன்று மாதம் தினமும் இரண்டு மணி நேரம் அவை பறப்பதைப் பார்த்தவள் நான். அவை அங்கே பறக்கவில்லை, விழுந்துகொண்டிருந்தன. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அழகாக இருந்ததால் தெரியவில்லை. ஒன்று என் தோளில் விழுந்து அப்படியே கிடந்த பிறகுதான் தெரிந்தது. நான் கை கழுவும் இடத்துக்கு ஓடியது செத்த பூச்சியைப் பார்த்து மட்டும் இல்லை. அந்த ஒரு சொல்லையும் சேர்த்து வாந்தி எடுக்கத்தான் பார்த்தேன். அது வெளியே வரவில்லை.

இதை உங்களிடம் சொல்லாமல், முழு நியாயமும் என் பக்கம் என்று இங்கேயே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். நீங்கள் முடிச்சைப் போட்டதை எழுதிவிட்டீர்கள். அதற்குப் பிறகு முடியவில்லை.

புதன்கிழமை ராக்கப்பன் வண்டியில் வருகிறேன். மன்னித்துவிட்டு வருவதாக நினைக்க வேண்டாம். உங்கள் மேல் இருக்கிற குமட்டல் போக எவ்வளவு நாள் ஆகுமோ, போகாமலும் இருக்கலாம். அதோடுதான் உங்களுக்குச் சோறு போடுவேன். வெள்ளிக்கிழமை அல்ஃபியாவை வரச் சொல்லுங்கள், மாப்பிள்ளை இல்லாமல் தனியாக. அந்த வீடியோவை அதற்குள் அவசரப்பட்டு அழித்துவிடச் சொல்லாதீர்கள். மூன்று பேரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சத்தத்தைக் குறைக்காமல் வைத்து, என் குரல் வருகிற இடத்தை நான் கேட்க வேண்டும்.

ஃபாயிஸா